பேராதனைப் பாலமும் லீஃப் காரும்: ஒரு புகைக் கணக்கின் வரலாறு

(பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.)

பேராதனைப் பாலத்தில் நின்று கீழே ஓடும் மகாவலியைப் பார்க்காதவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு ஏற்கெனவே மின்சாரம் செய்து கொடுத்துவிட்டுத்தான் நமக்கு முன்னால் ஓடுகிறது. தலவாக்கலையில் மேல் கொத்மலை, அதற்குக் கீழே கொத்மலை என்று இரண்டு இடங்களில் சுழலிகளைச் சுற்றிவிட்டு, கம்பளையைத் தாண்டி பேராதனைக்கு வந்து, பூங்காவை ஒரு வளையம் போட்டுக்கொண்டு கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போகிறது. அடுத்து பொல்கொல்ல. அங்கே அணைக்கட்டு அதை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பங்கு சுரங்கத்தின் வழியே வடக்கே போகும், மறுபங்கு விக்டோரியாவுக்கு இறங்கும்.

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதித் தடை நீங்கியதிலிருந்து நமது ஆசிரியர் அறைகளில் ஒரே பேச்சுத்தான். மின்சாரக் கார் எடுப்பதா, ஹைபிரிட் எடுப்பதா, பழைய பெற்றோல் காரையே திருத்தி ஓடுவதா? விலை, லீசிங், பற்றரியின் ஆயுள் எல்லாம் பேசி முடிந்த பிறகு யாராவது ஒருவர் "எப்படியும் மின்சாரக் காரில் புகை இல்லைதானே" என்பார். உடனே இன்னொருவர் "ஏன் இல்லை, நுரைச்சோலையில் இருக்கிறதே" என்பார். அத்தோடு மணி அடித்துவிடும்.

இருவர் சொல்வதும் சரி. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் காரை மட்டும் பார்த்துப் பயனில்லை. இந்த நாட்டில் மின்சாரம் எங்கிருந்து வந்தது, எப்போது மாறியது, யாருடைய வீட்டுக்கு மேலால் வந்தது என்ற கதையைப் பார்க்க வேண்டும். ஒரு மின்சாரக் காரின் காபன் கணக்கு அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

முதலில் ஒரு சின்ன வகுப்பறைக் கணக்கு. ஒரு லீற்றர் பெற்றோலின் நிறை ஏறக்குறைய முக்கால் கிலோ. அதை எரித்தால் வெளிவரும் காபனீரொட்சைட்டு 2.3 கிலோ. இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். முக்கால் கிலோ எரிந்து இரண்டேகால் கிலோ எப்படி வரும்? பெற்றோலில் உள்ள ஒவ்வொரு காபன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஒட்சிசன் அணுக்களைச் சேர்த்துக்கொண்டு போகிறது. 12 கிராம் காபன் 44 கிராம் வாயுவாகிறது. மிகுதி நிறை நாம் மூச்சு விடும் காற்றிலிருந்து எடுத்தது. டீசல் என்றால் லீற்றருக்கு ஏறக்குறைய 2.7 கிலோ.

ஆகவே லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் சாதாரண பெற்றோல் கார் கிலோமீற்றருக்கு 150 கிராம் சொச்சம் விடுகிறது. கண்டி டவுனில் மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றி நிற்கும்போது இதைவிடக் கூடும். 22 கிலோமீற்றர் ஓடும் ஓர் அக்வா 105 கிராம் அளவில் நிற்கும். எண்ணெய் தோண்டுவது, கப்பலில் கொண்டுவருவது, சுத்திகரிப்பது ஆகியவற்றுக்கு இன்னும் ஐந்திலொரு பங்கைக் கூட்டினால் பெற்றோல் கார் 185, ஹைபிரிட் 125 என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு எண்ணையும் ஞாபகத்தில் வையுங்கள்.

மின்சாரக் கார் ஒரு கிலோமீற்றர் ஓட, வீட்டு மீற்றரில் ஏறக்குறைய 0.16 யூனிட் போகிறது. மின்கம்பிகளில் வரும் வழியில் வீணாவதையும் சேர்த்தால் மின்நிலையத்தில் 0.175 யூனிட் பிறப்பிக்க வேண்டும். இதுவரைக்கும் எல்லா நாட்டுக்கும் ஒரே கணக்கு. அந்த 0.175 யூனிட் எதிலிருந்து வருகிறது என்பதில்தான் நாடு நாடாக, மணிக்கு மணி விடை மாறுகிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

இலங்கைக்கு முதல் மோட்டார் கார் வந்தது 1902இல். அந்தக் காலத்தில் உலகில் எந்தக் கார் வெல்லும் என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் ஓடிய கார்களில் ஏறக்குறைய மூன்றிலொன்று மின்சாரக் கார்கள். மிகுதி நீராவியும் பெற்றோலும். பெற்றோல் காரை முன்னால் நின்று கைப்பிடியால் சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். கை உடைந்தவர்களும் உண்டு. மின்சாரக் காரில் அந்தத் தொல்லை இல்லை. 1908இல் ஃபோர்ட் மலிவான மொடல் டி காரை இறக்கினார். 1912இல் கெட்டரிங் என்ற பொறியியலாளர் கண்டுபிடித்த மின் ஸ்டார்ட்டர் கடிலாக் காரில் பூட்டப்பட்டது. பெற்றோல் காரைத் தூக்கி நிறுத்தியது அதற்குள் இருந்த ஒரு சின்ன மின்மோட்டார்தான். பிறகு எண்பது வருடத்துக்கு மின்சாரக் காரைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசவில்லை.

ஆனால் நம் நாட்டில் மின்சாரத்தில் மனிதர்களை ஏற்றி ஓடிய வண்டி கார் வருவதற்கு முன்பே இருந்தது. கொழும்பின் ட்ராம். மூத்தவர்கள் அதைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். 1929இல் ஏ. ஈ. குணசிங்க நடத்திய ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த ட்ராம் எதில் ஓடியது என்பதை மட்டும் புத்தகம் சொல்வதில்லை. மலைநாட்டு நீர்மின்சாரம் கொழும்புக்கு வந்ததே 1950இல். அதற்கு முன்பு தலைநகரின் மின்சாரம் எரிபொருளை எரித்து எடுத்தது. ஆகவே ட்ராமுக்கும் புகை இருந்தது, பயணியின் கண்ணுக்குப் படாத இடத்தில். "நுரைச்சோலையில் இருக்கிறதே" என்று இன்று சொல்லும் வாதம் நூறு வருடத்துக்கு முன்பே கொழும்பில் பொருந்தியிருக்கும்.

நீர்மின்சாரம் ஏன் அவ்வளவு பிந்தியது? பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே இலங்கைப் பொறியியல் சங்கத்தின் முன் ஒரு கட்டுரை வாசித்து, மஸ்கெலியா, கெஹெல்கமு ஓயாக்களின் தண்ணீரில் நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1920களில் வேலை தொடங்கியது, பிறகு நிறுத்தப்பட்டது. அவர் பதவியை விட்டு 1931இல் அரசாங்க சபைக்கே போய் அங்கும் இதையே பேசினார். லக்சபான மின்நிலையம் திறக்கப்பட்ட 1950இல் அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. மூன்று வருடத்தில் காலமானார். முப்பது வருடம் ஒரு நாட்டின் மின்சாரம் எண்ணெயிலும் நிலக்கரியிலும் போனது, மலையில் தண்ணீர் சும்மா விழுந்துகொண்டிருக்கும்போது. பாடப்புத்தகத்தில் அவருக்குக் கிடைக்கும் இடம் போதாது என்பது நமது அபிப்பிராயம்.

லக்சபான வந்த பிறகு நடந்ததுதான் பெரிய வேடிக்கை. 1953இல் கொழும்பில் ட்ரொலி பஸ் ஓடத் தொடங்கியது. மேலே கம்பியில் தொட்டுக்கொண்டு ரயர் சக்கரத்தில் ஓடும் மின்சார பஸ். இப்போது நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு மலைத் தண்ணீரிலிருந்து வந்தது. அதாவது இன்றைக்கு உலகம் எதைத் தேடி அலைகிறதோ, அந்தப் புகையற்ற பொதுப் போக்குவரத்து நம்மிடம் இருந்தது. 1960இல் ட்ராமை நிறுத்தினோம். 1964இல் ட்ரொலி பஸ்ஸையும் நிறுத்தினோம். அந்தப் பாதைகளில் டீசல் பஸ் ஓடியது. புகையோடு ஓடிய காலத்தில் வைத்திருந்த மின்சார வண்டியை, புகை இல்லாமல் ஓடத் தொடங்கிய காலத்தில் கழற்றிப் போட்டோம். அன்றைக்குக் காபனைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் டீசலை டொலர் கொடுத்து வாங்க வேண்டும், தண்ணீரை வாங்க வேண்டியதில்லை என்பது அன்றைக்கும் தெரிந்திருந்த விசயம்.

பிறகு மகாவலி. இது நமது சொந்தக் கதை.

1976இல் பொல்கொல்ல திறக்கப்பட்டது. 1985இல் விக்டோரியாவும் கொத்மலையும். விக்டோரியா பிரித்தானியப் பணத்தில், கொத்மலை சுவீடன் பணத்தில், பின்னர் வந்த ரந்தெனிகல மேற்கு ஜேர்மனியின் பணத்தில். விக்டோரியா 210 மெகாவாற்று, கொத்மலை 201, ரந்தெனிகல 122. 1990களின் முற்பகுதிவரை இலங்கையின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது. அந்த வருடங்களில் ஒரு மின்சாரக் கார் கண்டியில் ஓடியிருந்தால் அதன் கணக்கில் எழுத ஒன்றுமே இருந்திருக்காது. கார்தான் இல்லை.

அந்தத் தண்ணீருக்கும் ஒரு விலை இருந்தது. பழைய தெல்தெனிய டவுன் இன்றைக்கு விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கிறது. கடை வைத்திருந்தவர்கள், வயல் வைத்திருந்தவர்கள், பள்ளிவாசலும் பன்சலையும் கோவிலும் சுற்றியிருந்த ஊர்கள் இடம்பெயர்ந்தன. கொத்மலையில் வரட்சி வந்து நீர்மட்டம் இறங்கினால் கடதொர விகாரை வெளியே வரும். மக்கள் வாகனம் பிடித்துக்கொண்டு பார்க்கப் போவார்கள், பத்திரிகையில் படம் வரும். அந்தப் படம் வரும் வருடம் நாட்டில் எண்ணெய் அதிகம் எரியும் வருடம் என்பதை நாம் சேர்த்து யோசிப்பதில்லை. விகாரை தெரிகிறதென்றால் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லையென்றால் கெலனிதிஸ்ஸவிலும் சபுகஸ்கந்தவிலும் எரிக்கிறார்கள் என்று அர்த்தம்.

1996 வரட்சி அப்படிப்பட்டது. மணிக்கணக்கில் மின்வெட்டு. நம்மில் முப்பதுகளின் கடைசியில் இருப்பவர்களுக்கு லாம்பு வெளிச்சத்தில் வீட்டுவேலை செய்த ஞாபகம் இருக்கலாம். அதற்குப் பிறகு நாடு தண்ணீரை மட்டும் நம்புவதை விட்டது. ஆறுகளில் அணை கட்டக்கூடிய நல்ல இடங்கள் பெரும்பாலும் முடிந்திருந்தன. பாவனையோ வருடா வருடம் கூடியது. டீசல், உலை எண்ணெய் மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

பொல்கொல்லையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வடக்கே திருப்பும் தண்ணீர் உக்குவெல, பொவதென்ன ஆகிய இரண்டு சிறிய மின்நிலையங்களைத் தாண்டி வயலுக்குப் போகிறது. ஒவ்வொன்றும் 40 மெகாவாற்று அளவுதான். அதே தண்ணீர் நேரே இறங்கினால் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே என்று மூன்று இடங்களில் சுழலியைச் சுற்றும். ஆகவே வடக்கே அனுப்பும் ஒவ்வொரு வாளித் தண்ணீருக்கும் மின்சார சபை கொஞ்சம் மின்சாரத்தை இழக்கிறது. அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் நெல் விளைகிறது, அந்த இழப்பை எங்கோ நிலக்கரி ஈடு செய்கிறது. நாம் சாப்பிடும் சோற்றுக்கும் நாம் சார்ஜ் பண்ணும் காருக்கும் பொல்கொல்லையில் ஒரே கதவு. இதில் சோற்றைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் "இலங்கை மின்சாரம் தண்ணீரில் வருகிறது" என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது என்பதற்காகச் சொல்கிறோம்.

அடுத்தது நுரைச்சோலை.

2011 மார்ச்சில் முதல் 300 மெகாவாற்று திறக்கப்பட்டது. 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் இலங்கை வந்தபோது முழு 900 மெகாவாற்றும் திறந்து வைக்கப்பட்டது. நிலக்கரி முழுவதும் வெளிநாட்டிலிருந்து. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கற்பிட்டிக் கடல் கொந்தளிப்பதால் அந்த மாதங்களில் நிலக்கரி இறக்க முடியாது. முன்கூட்டியே குவித்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் குவியலின் தூசும் சாம்பலும் காற்றடிக்கும் பக்கம் போகும். சுற்றியுள்ள கிராமங்களின் மீனவர்களும் விவசாயிகளும் வருடக்கணக்காக அதைப் பற்றி முறையிட்டு வருகிறார்கள். அந்த இடத்தில் நிலக்கரி நிலையம் வரக்கூடாது என்று முதலில் எழுந்து நின்றவர்களில் தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தை முன்னிட்டுக் குரல் கொடுத்த கத்தோலிக்க மக்களும் இருந்தார்கள். புத்தளமும் கற்பிட்டியும் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் வந்து ஒதுங்கிய மண். நம்மில் பலருக்கு அங்கே சொந்தக்காரர் இருக்கிறார்கள். எல்லாம் விட்டு வந்தவர்கள் குடியேறிய பகுதிக்கே நாட்டின் நிலக்கரிப் புகையும் போய்ச் சேர்ந்தது.

அந்த 2014, 2015 வருடங்களை இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே காலத்தில்தான் மின்சாரக் கார்களுக்கு வரி தாழ்ந்து, ஜப்பானில் பாவித்த நிசான் லீஃப் கார்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. கண்டி வீதிகளில் சத்தமில்லாமல் ஒரு கார் முன்னால் வந்து நிற்பதை அப்போதுதான் முதல் தடவை பார்த்தோம். "ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை" என்று வாங்கியவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். தண்ணீரில் மின்சாரம் எடுத்த காலம் முழுக்கப் பெற்றோல் காரில் ஓடிய நாடு, நிலக்கரி மூன்றாவது அலகையும் ஓட்டத் தொடங்கிய வேளையில் மின்சாரக் காருக்கு மாறப் பார்த்தது. ட்ரொலி பஸ் விசயத்தில் நடந்த அதே தலைகீழ்க் கணக்கு.

அது நீடிக்கவும் இல்லை. 2015 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் மின்சாரக் கார்களின் வரி ஏற்றப்பட்டது. இறக்குமதி படுத்தது. ஹைபிரிட் காருக்கும் வரி ஏறி இறங்கியது. இந்த நாட்டில் எந்தக் கார் ஓட வேண்டும் என்பதை எஞ்சினின் கொள்ளளவும் மோட்டாரின் கிலோவாற்றும் பார்த்துப் போடப்படும் வரிதான் தீர்மானித்தது. கிலோமீற்றருக்கு எத்தனை கிராம் என்று பார்த்து யாரும் வரி போட்டதில்லை. 2019 ஜனவரியில் "காபன் வரி" என்ற பெயரில் ஒன்று வந்தது உண்மை. அதுவும் எஞ்சின் அளவையும் வாகனத்தின் வயதையும் பார்த்துத்தான் அறவிடப்பட்டது. வருடம் முழுக்க ஓடிய காரும் கராஜில் நின்ற காரும் ஒரே தொகை கட்டின. ஆட்சி மாறியதும் அதுவும் போனது.

சரி, இப்போது கணக்கை முடிப்போம். நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வருகிறது. எண்ணெயில் 700 கிராம் அளவு. தண்ணீர், காற்று, சூரியன் என்றால் மின்நிலையம் கட்டியபோது வந்ததைப் பங்கிட்டால் சில பத்துக் கிராம்.

முழுக்க நிலக்கரியில் சார்ஜ் பண்ணிய மின்சாரக் கார் கிலோமீற்றருக்கு 175 கிராம். நமது பெற்றோல் கார் 185, அக்வா 125. அதாவது நுரைச்சோலை மின்சாரத்தில் மட்டும் ஓடினால் லீஃப் கார் பெற்றோல் காருடன் ஏறக்குறைய சமம், ஹைபிரிட்டிடம் தோல்வி. "நுரைச்சோலையில் இருக்கிறதே" என்ற நண்பர் வென்றார்.

ஆனால் நாட்டு மின்சாரம் முழுக்க நிலக்கரி அல்ல. மழை ஒழுங்காகப் பெய்த வருடத்தில் பாதியளவு தண்ணீர், சூரியன், காற்றிலிருந்து வருகிறது. மூன்றிலொரு பங்கு நிலக்கரி. மிகுதி எண்ணெய். அந்தக் கலவையில் யூனிட்டுக்கு 450 கிராம் அளவு வரும். கார் கிலோமீற்றருக்கு 80 கிராம். நிலக்கரியையும் எண்ணெயையும் தோண்டிக் கொண்டுவரும் செலவுக்குக் கொஞ்சம் கூட்டி 90 என்று வைப்போம். பெற்றோல் காரில் பாதி. ஹைபிரிட்டையும் வெல்கிறது.

பற்றரியை மறக்கக் கூடாது. ஒரு கிலோவாற்றுமணிப் பற்றரி செய்ய, தொழிற்சாலையையும் நாட்டையும் பொறுத்து 60 முதல் 100 கிலோவரை காபனீரொட்சைட்டு வெளியாகிறது. ஆரம்ப லீஃபின் 24 கிலோவாற்றுமணிப் பற்றரிக்கு இரண்டு தொன் அளவு. இப்போது வரும் பிவைடி போன்ற கார்களில் 60 கிலோவாற்றுமணிப் பற்றரி என்றால் ஐந்து தொன். கார் ஒரு கிலோமீற்றர் ஓடுவதற்கு முன்பே உள்ள கடன் இது. பெற்றோல் காருடன் ஒப்பிட்டால் கிலோமீற்றருக்கு 95 கிராம் மிச்சம் பிடித்து, ஐம்பதாயிரம் கிலோமீற்றர் அளவில் கடன் தீரும். வருடத்துக்கு 12,000 ஓடும் ஆசிரியருக்கு நாலு வருடம் சொச்சம். ஹைபிரிட்டுடன் ஒப்பிட்டால் மிச்சம் 35 கிராம்தான். கடன் தீர ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். பன்னிரண்டு வருடம் போய்விடும். நாட்டின் இன்றைய மின்சாரத்தில், நல்ல நிலையில் ஒரு ஹைபிரிட் வைத்திருப்பவர் காபனுக்காக மட்டும் அதை விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்கத் தேவையில்லை. இதை விற்பனைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள்.

மலைநாட்டுக்காரருக்கு மட்டும் உரிய ஒரு விசயம் இருக்கிறது. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரம். ஒன்றரைத் தொன் காரைக் கொழும்பிலிருந்து இங்கே தூக்க, உராய்வெல்லாம் விட்டுவிட்டு உயரத்துக்கு மட்டும், இரண்டு யூனிட் சக்தி வேண்டும். உயர்தரப் பௌதிகவியல் மாணவர் mgh என்று எழுதுவாரே, அதே கணக்கு. பெற்றோல் கார் அதற்கு ஒரு லீற்றரில் பெரும்பகுதியை எரிக்கும், ஏனென்றால் எஞ்சினுக்குள் போகும் சக்தியில் முக்கால்வாசி வெப்பமாகப் போய்விடும். கடுகண்ணாவயில் திரும்பி இறங்கும்போது, உயரத்துக்காகச் செலவழித்த சக்தியில் ஒரு பங்கு பிரேக்கில் சூடாகிக் காற்றோடு போகும். அந்த வாசத்தைக் கடுகண்ணாவ வளைவுகளில் எல்லோரும் பிடித்திருப்போம். மின்சாரக் கார் இறங்கும்போது மோட்டாரே மின்பிறப்பாக்கியாகி, அந்தச் சக்தியில் நல்லதொரு பங்கைத் திரும்பப் பற்றரிக்குள் ஏற்றுகிறது. ஹைபிரிட்டும் செய்யும். ஆனால் அதன் பற்றரி சிறியது, பாதி மலையிலேயே நிரம்பிவிடும். சமதரையில் எழுதப்பட்ட ஒப்பீடுகளில் இது வருவதில்லை.

இன்னொன்று காற்று. கண்டி ஒரு கிண்ணத்துக்குள் இருக்கும் நகரம். சுற்றிவர மலை. புகை வெளியே போக வழியில்லை. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டியின் காற்றைப் பற்றிப் பல வருடமாக எச்சரித்து வருகிறார்கள். பாடசாலை விடும் நேரத்தில் வீதியில் நிற்கும் பிள்ளைகளின் மூக்குக்கு, காபனீரொட்சைட்டைவிட டீசல் கரித்தூள்தான் உடனடி ஆபத்து. அந்தக் கணக்கில் மின்சார வாகனம் சந்தேகமில்லாமல் வெல்கிறது. கண்டிக்கு வெல்கிறது என்று சொல்ல வேண்டும். நுரைச்சோலையில் பிள்ளைகளுக்கு மூக்கு இல்லையா என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. கார்களை முதலில் பார்க்காமல் பஸ்களை முதலில் மின்சாரத்துக்கு மாற்றியிருந்தால் ஒரே அளவு மின்சாரத்தில் எத்தனையோ மடங்கு கரித்தூள் குறைந்திருக்கும். 1964இல் கழற்றிப் போட்ட கம்பியைப் பற்றி இங்கே மறுபடி ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

2022 எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்காமல் இரவு பகலாகக் கியூ. எரிபொருள் இல்லாமல் பாடசாலை மூடினார்கள். பிறகு கியூஆர் கோட். லீஃப் வைத்திருந்தவர்களைப் பொறாமையோடு பார்த்தோம். ஆனால் அதே வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியால மின்வெட்டு. அவர்களும் எப்போது கரண்ட் வரும் என்று காத்திருந்தார்கள். பெற்றோலும் நிலக்கரியும் உலை எண்ணெயும் ஒரே டொலர் பையிலிருந்துதான் வர வேண்டும். பை காலியானபோது இரண்டு வகைக் காரும் நின்றன. கூரையில் சூரியப் படலம் வைத்தவர்கள் பெருகியது அதற்குப் பிறகுதான்.

அதன் விளைவு விசித்திரமானது. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்தது என்று அமைச்சர் சொன்னார், உலகமே சிரித்தது. குரங்கைவிட முக்கியமான விசயம் அன்று ஞாயிறு, வெயில் நல்ல வெயில், பாவனை குறைவு. வலையமைப்பில் சூரிய மின்சாரம் நிறைய, அதைத் தாங்கிப் பிடிக்கும் கனமான சுழலிகள் குறைவு. ஒரு சின்ன அதிர்ச்சியைத் தாங்க முடியவில்லை. இரண்டு மாதத்தில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, பகலில் கூரைச் சூரியப் படலங்களை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை மக்களைக் கேட்டது. புகையில்லாத மின்சாரம் அதிகமாகிவிட்டதால் அதை நிறுத்தச் சொன்னார்கள். அதே நாளில் சூரியன் மறைந்த பிறகு எண்ணெய் எரிந்தது.

ஆகவே "எந்தக் கார்" என்பதோடு "எத்தனை மணிக்கு" என்ற கேள்வியும் இருக்கிறது. மின்சார சபையின் நேரவாரிக் கட்டணத்தில் இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை மலிவு. மாலை 6.30 முதல் 10.30 வரை மிக விலை. மாலையில் சார்ஜ் பண்ணுவது எல்லா வகையிலும் மோசம், அப்போதுதான் எண்ணெய் நிலையங்களை ஓட்டுகிறார்கள். ஆனால் மலிவான நள்ளிரவிலும் ஓடிக்கொண்டிருப்பது நுரைச்சோலை. நிலக்கரி உலையை இரவில் அணைத்துக் காலையில் பற்றவைக்க முடியாது. தண்ணீரை இரவில் மிச்சம் பிடித்து வைத்துக்கொள்ளலாம், நிலக்கரி எரிந்தபடியே இருக்கும். அந்தக் கட்டண நேரங்கள் சூரிய மின்சாரம் பெருகாத காலத்தில் வகுக்கப்பட்டவை. பணத்துக்கு மலிவான மணி வேறு, காபனுக்கு மலிவான மணி வேறு. இரண்டாவது நண்பகலில் இருக்கிறது. நண்பகல் சூரியனில் சார்ஜ் பண்ணினால் கார் கிலோமீற்றருக்குப் பத்துக் கிராமுக்கும் கீழே போகும். அந்த ஐந்து தொன் பற்றரிக் கடன் பெற்றோல் காருடன் ஒப்பிட முப்பதாயிரம் கிலோமீற்றருக்குள் தீரும். ஹைபிரிட்டுடன் ஒப்பிட்டாலும் நாற்பத்தைந்தாயிரத்துக்குள்.

நண்பகலில் நம்முடைய வாகனங்கள் எங்கே நிற்கின்றன? காலை 7.30க்கு முன்பு பாடசாலைக்குள் போனால் பிற்பகல் 1.30 வரை மதிலோரம் வெயிலில் நிற்கின்றன. அதே வெயில் பக்கத்தில் நூறடி நீளக் கூரையில் விழுகிறது. நமக்குத் தெரிந்த பாடசாலைகளில் சிலவற்றின் கூரையில் படலம் பூட்டியாகிவிட்டது, மின்கட்டணத்துக்காக. வாகனம் நிற்கும் பக்கம் ஒரு பிளக் பொயின்ற் போட்ட பாடசாலையை நாம் இன்னும் பார்க்கவில்லை. உங்கள் பக்கத்தில் இருந்தால் கீழே எழுதுங்கள், எப்படிச் செய்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.